ஒன்பது சென்டிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கடையில் ஒரு பம்ப் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றி முடித்தேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மொத்தத்தையும் பிரித்து மறுபடி சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். தப்பு செய்தால் பிரித்துவிடலாம், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மதியம்தான் அது நடந்தது. சித்தப்பா ஒரு மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தார். அப்பா, கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக்கில் இன்னொரு மோட்டாரைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி உயரத்தில் சங்கிலிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பா குனிந்தபடி நின்றிருந்தார், இரண்டு கையும் சங்கிலியில். நிமிர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு நிமிஷம்" என்றார். ஒரு நிமிஷம் அரை மணி நேரமானது.

நான் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வாசலில் வந்து நின்று, "கடையில யாருமில்லையா?" என்றார். நான் இருந்தேன். இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போய்விட்டார். அவரைக் கூப்பிட்டு அப்பாவைப் பிடிக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை?

சித்தப்பா வரும்வரை மோட்டார் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போனோம். முதுகின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். "அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது. இழுக்கவும் கூடாது. இன்னொரு தடவை பிசகுச்சுன்னா காலே வராமப் போயிடலாம். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். எழுந்து வரும்போது, "மெதுவா இழுத்தா?" என்று கேட்டார். டாக்டர் அம்மாவைப் பார்த்தார்.

வழியெல்லாம் அம்மாதான் பேசிக்கொண்டு வந்தாள். "வீட்டுல என்னைக்காவது ஒரு தண்ணிக் குடத்தைத் தூக்கியிருப்பீங்களா? மோட்டாருக்கு மட்டும் முதுகைத் தாரை வார்த்துட்டு வந்து நிக்கிறீங்க." அப்பா சிரித்தார். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

அப்பா இன்று சங்கிலியைத் தொட்டார். அம்மா சாப்பாடு கொண்டு வந்த நேரம். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

மார்ச் 10, திங்கள்

பரணை ஒழித்துவிட்டுத் தரையிலேயே வைக்கலாமே என்று அம்மா கேட்டாள். எங்கே வைப்பது? கடை ஒரே அறை. பெஞ்சு, காயில் சுற்றும் மெஷின், வார்னிஷ் காயவைக்கும் அடுப்புப் பெட்டி, இதற்கே இடம் போய்விட்டது. மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் முட்டிவரை உள்ளே வரும். அதனால்தான் வேலை முடிந்து ஆள் வராத மோட்டார்களையெல்லாம் பரணில் வைக்கிறோம். பாதி அறைக்கு மேல் கான்கிரீட் பரண், அதற்கு மேலே சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு கர்டர். அந்தக் கர்டரில் ஓடும் சக்கரத்தில்தான் செயின் பிளாக் தொங்குகிறது.

சித்தப்பா கரண்டில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் வாங்கப்போவதாகச் சொன்னார். "பொத்தானை அமுக்கினா ஏறுது, அமுக்கினா இறங்குது. அண்ணன் ஸ்டூல்ல உட்கார்ந்து ராஜா மாதிரி பார்த்துட்டு இருக்கட்டும்." அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர் சித்தப்பா. அப்பாதான் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தார் என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

கையில் ஒரு கத்தை விளம்பரத்தாளுடன் வந்து என் முன்னால் போட்டார்.

"ஏய் மியூட்டு, எது நமக்குச் சரிவரும்னு பார்த்துச் சொல்லு. நீதான் படிச்சவ." நான் அதிகம் பேசாததால் அவர் எனக்கு வைத்த பெயர் மியூட்டு, ஊமை.

"ஒம்பதாவது" என்றேன்.

"நான் ஏழாவது. அப்ப எனக்கு நீ ரெண்டு வருஷம் சீனியர்."

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு உள்ளங்கை நனைந்துவிடும். புத்தகத்தில் ஈரக்கறை இருக்கும். முன்பு அப்பாவுக்கு முதல்முறை முதுகு பிடித்தபோது, கடையில் கை வேண்டும் என்று நானாகவே படிப்பை நிறுத்திவிட்டேன். எல்லாரும் தியாகம் என்றார்கள். எனக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

மார்ச் 12, புதன்

மொத்தம் இரண்டு வகைதான். மற்றதெல்லாம் பெயிண்ட்.

ஒன்று கம்பிக்கயிற்று ஹாய்ஸ்ட். ஒரு உருளையில் கம்பி சுற்றிக்கொள்ளும். மேலே "200/400" என்று எழுதியிருக்கிறது. ஏன் இரண்டு எண்? பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. கம்பி ஒற்றையாகத் தொங்கினால் இருநூறு கிலோ. ஒரு கப்பியைப் போட்டுக் கம்பியை இரண்டாக மடித்தால் நானூறு. நம்மிடம் வருவதில் பெரியது இருநூற்றைம்பது கிலோ வரும். ஆக, கப்பி போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று சங்கிலி ஹாய்ஸ்ட். செயின் பிளாக் மாதிரியேதான், கைக்குப் பதிலாக மோட்டார். ஐநூறு கிலோ. மெதுவாக ஏறும். விலை கூட.

இன்று ஏணியில் ஏறி டேப் வைத்து அளந்தேன். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். "என்ன அளக்குற?" என்றார். "சும்மா" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

வார்னிஷ் காயும் நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கர்டரிலிருந்து பரணின் விளிம்பு வரை 155 சென்டிமீட்டர். மோட்டார் இந்த விளிம்பைத் தாண்டினால்தான் உள்ளே தள்ள முடியும்.

கயிற்று ஹாய்ஸ்ட் என்றால்: அதன் உடம்பு 25. அதற்குக் கீழே ஒரு தண்டு தொங்குகிறது. கப்பி மேலே வந்து அதைத் தொட்டவுடன் மெஷின் தானாக நின்றுவிடும், அதற்கு 30. கப்பியும் கொக்கியும் 37. மோட்டாரை மாட்டும் வளையம் 20. பெரிய மோட்டாரின் உயரம் 52.

கூட்டினால் 164.

மூன்று தடவை கூட்டினேன். 164தான். ஒன்பது சென்டிமீட்டர் இடிக்கிறது. மோட்டார் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும்.

சங்கிலி ஹாய்ஸ்ட் என்றால் மேல்கொக்கியிலிருந்து கீழ்க்கொக்கி வரை மொத்தமே 40. வளையமும் மோட்டாரும் சேர்த்து 112. தாராளமாக ஏறும்.

செயின் பிளாக் குட்டையானது. அதனால்தான் இத்தனை வருஷம் மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாருமே யோசிக்கவில்லை.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, மேலே தேதி போட்டு, கோடு போட்ட படமும் வரைந்து வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் காட்ட வேண்டும். அவர் வரும்போதே "வீடியோ பார்த்தேன், ராக்கெட் மாதிரி ஏறுது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அது கயிறு வகை. நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 14, வெள்ளி

காட்டவில்லை.

மார்ச் 15, சனி

ஹாய்ஸ்ட் விற்கும் கடைக்குச் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி முழு வழியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "சித்தப்பா, கயிறு வேண்டாம், சங்கிலி வாங்கலாம், மேலே இடம் பத்தாது." எட்டே வார்த்தை. எண்ணிக்கூட வைத்திருந்தேன்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர்.

"எத்தனை கிலோ தூக்கணும்?"

"எப்பவாவது இருநூத்தம்பது வரும்."

"அப்ப நானூறு எடுங்க. கண்ணை மூடிட்டு எடுங்க."

"திறந்துட்டு எடுத்தா?"

"விலை தெரியும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தவுடன் வேறு பேச்சு தொடங்கிவிட்டது. அது முடியட்டும் என்று காத்திருந்தேன். மூலையில் சங்கிலி ஹாய்ஸ்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்று கையால் அளந்தேன். இரண்டு சாண்கூட இல்லை. தாள் என் கைக்குள் இருந்தது. மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆக்கிவிட்டிருந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார், கேட்டார்தான்: "பாப்பா ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன்? ஏன் அப்படி ஆட்டினேன்? கேட்டுவிட்டாரே. கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்கிறார்கள், நான் வெளியிலேயே நிற்கிறேன். எட்டு வார்த்தை. இனி எழுதி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 16, ஞாயிறு

கயிற்று ஹாய்ஸ்ட்டைப் புதன்கிழமை கொண்டுவந்து தருவார்களாம். இன்னும் மாற்றச் சொல்லலாம், நேரம் இருக்கிறது.

அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார். "வாங்கப்போறது சரிவருமா பாப்பா? நீ என்ன நினைக்கிற?"

"சித்தப்பா பார்த்து வாங்குறாரேப்பா."

"அதுவும் சரிதான்" என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அவர் என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நானும்தான். அம்மா உள்ளே வந்து, "ஏன் ரெண்டு பேரும் பரீட்சை எழுதுற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள்.

மார்ச் 19, புதன்

மாட்டினார்கள். முதலில் மேலே கிடந்த ஒரு சின்ன மோட்டாரை இறக்கி ஏற்றினார்கள், ஏறியது. சித்தப்பா விசில் அடித்தார். பிறகு பெரிய மோட்டார். ஏறிக்கொண்டே போய், கப்பி அந்தத் தண்டைத் தொட்டது. டக். நின்றுவிட்டது. மோட்டாரின் அடிப்பகுதி விளிம்புக்குக் கீழே. டேப் வைத்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும் எவ்வளவு என்று.

இப்போதாவது திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே சரியாகிவிடும்.

சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "கப்பியைக் கழட்டலாம். ஆனா இருநூறுதான் தூக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இந்தத் தண்டைத் தூக்கிக் கட்டிட்டா?"

"நிறுத்துற சுவிட்ச்சுடா அது" என்றார் அப்பா.

"தெரியும்ணா. ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டித் தர்றவங்க நாம. நமக்கே ஒருத்தன் ஸ்டாப் சொல்லணுமா? கட்டைவிரலை எடுத்தா நிக்கப்போகுது."

அப்பா ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். சித்தப்பா, காயில் கட்டும் பருத்திக்கயிற்றால், எங்கள் கயிற்றாலேயே, அந்தத் தண்டை மடக்கி மேலே கட்டினார். வார்னிஷ் தடவின மாதிரி இறுக்கமான கட்டு. மோட்டார் விளிம்பைத் தாண்டி ஏறியது.

மார்ச் 20, வியாழன்

எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

சித்தப்பா கீழே ஒரு கையில் பொத்தான் பெட்டியும், இன்னொரு கையில் மோட்டார் ஆடாமல் பிடிக்கும் கயிறுமாக நிற்பார். அங்கிருந்து பார்த்தால் விளிம்பு தெரியாது. அதனால் நான் பரண்மேல் உட்கார்ந்து, மோட்டார் விளிம்பைத் தாண்டியதும் "போதும்" என்று கத்த வேண்டும்.

என்னைப் போய். கத்தச் சொல்லி.

"மியூட்டுக்கு வாய்ஸ் டெஸ்ட்" என்று சித்தப்பா சிரித்தார். "எங்க, ஒரு தடவை கத்து பார்ப்போம்."

"போதும்."

"பக்கத்துல இருக்கிற கொசுவுக்குக்கூடக் கேட்கலையேம்மா."

மறுபடி கணக்குப் போட்டேன். மோட்டார் விளிம்பைத் தாண்டியதிலிருந்து கப்பி உருளையில் போய் முட்டும்வரை இருபத்தொரு சென்டிமீட்டர். நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் ஏறுகிறது. இரண்டரை நொடி. அதற்குள் நான் சொல்ல வேண்டும், சித்தப்பாவுக்குக் கேட்க வேண்டும், அவர் விரலை எடுக்க வேண்டும். முட்டினால் கம்பி அறுந்துவிடும்.

பக்கத்துக் கடையில் கல் அறுக்கிறார்கள். அந்த மெஷின் ஓடினால் அப்பா என் காதருகே வந்துதான் பேசுவார்.

மார்ச் 27, வியாழன்

இதுவரை பதினொன்று ஏற்றியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. கல் மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து ஏற்றுகிறோம். நான் "போதும்" என்பதோடு கையையும் விளிம்புக்கு வெளியே நீட்டி ஆட்டுகிறேன். சித்தப்பா நிறுத்திவிடுகிறார்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகுவலி குறைந்திருக்கிறதாம். நேற்று அம்மாவிடம், "தம்பி என் உசுரைக் காப்பாத்திட்டான்" என்று சொன்னார். சித்தப்பா திரும்பி நின்று பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த பெஞ்சை.

நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனோ? கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்குமோ?

ஏப்ரல் 2, புதன்

விழுந்துவிட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் கடையைப் பூட்ட இங்கே இருக்கிறேன். உள்ளிருந்தே பூட்டிவிட்டேன். ஏன் இன்னும் உள்ளே இருக்கேன்னு தெரியல.

நான் கத்துனேனா?

ஏப்ரல் 4, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை ஞாபகம் வரும்.

சலவைக்கடைக்காரரின் மோட்டார். இருநூற்று நாற்பது கிலோ, இதுவரை ஏற்றியதிலேயே கனமானது. வேலை முடிந்து நான்கு நாளாகியும் அவர் எடுக்க வரவில்லை. அன்று காலை வானம் மூடியிருந்தது, மழை வருகிற மாதிரி. "மேல ஏத்திடுவோம், தண்ணி வந்துச்சுன்னா நாம போட்ட காயில் போச்சு" என்றார் சித்தப்பா. நான் பரணுக்குப் போனேன்.

பாதி உயரத்தில் மோட்டார் சுழன்று பெஞ்சுப் பக்கம் ஆடியது. சித்தப்பா ஒற்றைக் கையில் கயிற்றைப் பிடித்துத் தடுமாறினார். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். "நீ பொத்தானைப் பாரு, நான் சும்மா பிடிச்சுக்கிறேன், இழுக்கல." அம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

அப்போது கல் மெஷின் ஓடத் தொடங்கியது.

அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வழக்கம் அதுதானே, மெஷின் ஓடினால் நிறுத்திக் காத்திருப்பது. ஆனால் மோட்டார் அந்தரத்தில் இருந்தது, அப்பா கயிற்றைப் பிடித்திருந்தார், சீக்கிரம் மேலே வந்துவிட்டால் அவர் விட்டுவிடலாம் என்றிருந்தது. வந்தது. விளிம்பைத் தாண்டியது. நான் கையை நீட்டினேன். சித்தப்பா அப்பாவின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் கையை இல்லை. வாயைத் திறந்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாய் திறந்தது, தொண்டையில் காற்று உரசியது. சத்தம் வந்ததா? மெஷின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மெஷின் இல்லாமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்காதோ?

கப்பி முட்டியது. ஒரு சத்தம், பெரியதாகக்கூட இல்லை, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரி. அப்புறம் மோட்டார் விழுந்தது.

அப்பா மேல் விழவில்லை. அவர் பின்னால் தாவியிருந்தார். தாவி, ஸ்டூலில் இடறி, தரையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு மோட்டாரின் இரும்புக் கூட்டின் மேல் முதுகு பட விழுந்தார். எழுந்திருக்க முயற்சி செய்யவே இல்லை. அண்ணாந்து என்னைத்தான் பார்த்தார். "பாப்பா, நீ இறங்காத, ஏணி ஆடுது, மெதுவா" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

ஆபரேஷன் முடிந்துவிட்டது. நரம்பு எவ்வளவு தூரம் பிழைக்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கல் மெஷின் சத்தம் என்கிறார்கள். சித்தப்பா, "நான்தான் சுவிட்ச்சைக் கட்டினேன், நான்தான் கட்டினேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்க வந்த ஆயாவிடம்கூடச் சொன்னார். அவர், "சரி தம்பி, காலை நகர்த்திக்கங்க" என்றார்.

அம்மா மட்டும் ஒரு தடவை, மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "உன்னால கொஞ்சம் பலமாக் கத்தியிருக்க முடியாதாடி?" கேட்டுவிட்டு உடனே என் தலையைத் தடவினாள். தடவாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே குத்தினால் தெரியவில்லை. வலது காலின் கட்டைவிரலில் மட்டும் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறதாம். அதையே நாங்கள் எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறோம்.

மே 6, செவ்வாய்

அம்மா வெளியே போயிருந்தாள். அப்பாவுக்கு முதுகில் பவுடர் போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். புண் வந்துவிடக்கூடாது என்று இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும்.

அவராகவே பேசினார். "விளம்பரத்தாள்ல அந்த ஹாய்ஸ்ட்டைப் பார்த்ததுமே தெரியும் பாப்பா. மேல இடம் பத்தாதுன்னு."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எனக்காகன்னு ஓடி ஓடி வாங்கிட்டு வந்திருக்கான். குழந்தை மாதிரி விசில் அடிக்கிறான்." தலையணையை இழுத்துக்கொண்டு, "சுவிட்ச்சைக் கட்டும்போதாவது சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை சொன்னேன், அவன் பதில் சொன்னான், விட்டுட்டேன். அதான் நம்ம ராசி."

நம்ம என்றார். என்னையும் சேர்த்துத்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தது ஒரே விஷயத்துக்காகத்தானா?

எனக்கும் தெரியும் என்று சொன்னேன். கணக்குப் போட்டதை, தாளை மடித்ததை, கடைக்காரர் கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

அப்புறம் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு என் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?"

ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சும்மா. நீ போதும்னு சொன்னது கேட்டுச்சு. அதான் பின்னால தாவினேன்."

நான் நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. சங்கிலியைத் தொட்ட பிறகும் டாக்டரிடம் "சங்கிலிப் பக்கமே போறதில்லைங்க" என்று சொன்னவரும் இவர்தான்.

மே 30, வெள்ளி

கடையை மறுபடி திறந்து மூன்று வாரமாகிறது. அறுந்த ஹாய்ஸ்ட்டைச் சித்தப்பா சாக்கில் கட்டிப் பின்னால் போட்டுவிட்டார். பரணில் இருக்கும் மோட்டார்களைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். இறக்க வழியில்லை. பழைய செயின் பிளாக்கை மாட்டி இழுக்கச் சித்தப்பா போனார். சங்கிலியைக் கையில் எடுத்தார், உடனே விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இன்று அந்தத் தாளை நீவி, பெஞ்சில் சித்தப்பா டீ வைக்கும் இடத்தில் வைத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். கடைசி வரி வரை. பிறகு விரல் மேலே தேதிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"வாங்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்க."

தலையாட்டினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு அப்பவே கன்னத்துல ஒரு அறை விட்டிருக்கலாமேம்மா நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வேண்டிக் கேட்கிற மாதிரி இருந்தது.

இப்போதெல்லாம் அவர் என்னை மியூட்டு என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

மறுபடி அதே கடை. அதே கடைக்காரர் சித்தப்பாவிடம், "இந்தத் தடவை என்ன?" என்றார். சித்தப்பா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உள்ளங்கை நனைந்துவிட்டது. சங்கிலி ஹாய்ஸ்ட்டைக் கையால் காட்டினேன். "என்னம்மா, இதுவா?" என்று கடைக்காரர் குனிந்தார். "சங்கிலி. ஐநூறு கிலோ. பொத்தான் வயர் மேல பரண் வரைக்கும் வரணும்" என்றேன். "சத்தமாச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று மாட்டினார்கள். பொத்தான் பெட்டி பரண்மேல் என்னிடம். விளிம்பைப் பார்ப்பவர் கையில்தான் பொத்தான் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன், சித்தப்பா மறு பேச்சில்லாமல் செய்துவிட்டார். கல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் சுவிட்ச்சைக் காலி கொக்கியில் மூன்று தடவை ஓட்டிச் சோதித்தேன். பிறகு பெரிய மோட்டார். மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறியது. விளிம்பைத் தாண்டியதும் விரலை எடுத்தேன். நின்றது. மேலே இன்னும் நிறைய இடம் இருந்தது. கீழே சித்தப்பா கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சுப்பா."

"சத்தம் எப்படி?"

"அவ்வளவா இல்ல."

"நல்லது" என்றார். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். நான் ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கீழே கொடுத்து, அவரை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டேன்.